ஓடுகிறவர்களிடம் கேட்ட கேள்வி

ஜூன் 9, திங்கள்

வேலையில் சேர்ந்ததிலிருந்து ஆபீஸில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்துவரும் சர்வே கணக்கைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இன்றுதான் வெளியே அனுப்பினார்கள். அதுவும் எங்கள் ஸ்டேஷனுக்கே. "நீ அந்த ஏரியாதானே அபிராமி, உனக்கு ஆளுங்க பழக்கம் இருக்கும்" என்றார் ரகுநந்தன் சார். ஸ்டேஷன் திட்டத்துக்கு அவர்தான் மேனேஜர். அந்த ஏரியாதான். எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செங்கரைப்பாக்கம் ஸ்டேஷனுக்குக் கிழக்கு வாசல் மட்டும்தான். டிக்கெட் கவுண்டர், டீக்கடை, டூவீலர் ஸ்டாண்டு, கார் நிறுத்தும் மண்தரை எல்லாம் அங்கே. மேற்கே நாங்கள் இருக்கிறோம். எங்களுக்கு ரயில்வே சுவரில் ஒரு ஓட்டை. அதில் நுழைந்து, தண்டவாளம் தாண்டி, பிளாட்பாரச் சரிவில் ஏற வேண்டும். ரயில்வேக்காரர்கள் அவ்வப்போது செங்கல் வைத்து அடைப்பார்கள். சிமெண்ட் காய்வதற்குள் எங்கள் தெருவில் யாராவது இடித்துவிடுவார்கள். அந்த ஓட்டைக்கு நாங்கள் வைத்த பெயர் 'கேட்'. புதிதாக வருகிறவர்கள் இரும்புக் கதவைத் தேடுவார்கள்.

காலையில் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு கேட்டில் நுழைந்தேன். கவுண்டருக்குப் பின்னால் போய்க் காலைத் துடைத்து ஷூ மாட்டிக்கொண்டேன். அதற்குமேல் கம்பெனி பெயர் போட்ட மஞ்சள் கோட்டு. பளீரென்று ஒரு மஞ்சள். ரோடு போடுகிறவர்கள் அணிவது மாதிரி.

அம்மாவிடம் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. கையில் டேப்லெட் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

கேள்விகள் கொஞ்சம்தான். என்ன வாகனத்தில் வந்தீர்கள்? எங்கே நிறுத்தினீர்கள்? இங்கே ஆறு மாடி வாகன நிறுத்தம் கட்டினால் நாளுக்கு முப்பது ரூபாய் தர விருப்பமா?

கேட்க வேண்டியது காலை நெரிசல் நேரத்தில் மட்டும். அப்போதுதான் வண்டிக்காரர்கள் எல்லாரும் வருவார்களாம். வருகிறார்கள். ஆனால் வந்து நிற்பதில்லை. ஸ்டாண்டில் வண்டியைச் சாய்த்ததும் ஓட்டம். நான் கூடவே ஓடுகிறேன்.

"சார், ஒரு நிமிஷம், முப்பது ரூபா..."

"ஆமா ஆமா."

"மேடம், பார்க்கிங் கட்டினா..."

"சரி சரி, கட்டட்டும்."

ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு ஆள் கத்தினார்: "எதையோ போட்டுக்கோம்மா, பாஸ்ட் வண்டி வந்துடுச்சு!"

எதையோ போட்டுக்கோ என்றால் எந்தக் கட்டத்தைத் தொடுவது? இர்ஃபானுக்குப் போன் போட்டேன். வருமானக் கணக்குப் போடுவது அவன்தான்.

"போட்டுக்கோன்னா சம்மதம்தானே" என்றான்.

"அந்த ஆள் காதுல கேள்வியே விழல, இர்ஃபான்."

"அபி, நீ பொண்ணு பார்க்கப் போகல. சர்வே எடுக்கப் போயிருக்க. ஆமான்னு போடு."

ஆமா என்று போட்டேன்.

ஜூன் 12, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. லில்லி அக்கா வீட்டு அடுப்பில் சோறு வடித்துக் கொண்டுவந்தேன். லில்லி அக்கா பக்கத்து வீடு, மீன் வியாபாரம். விடியுமுன் காசிமேடு போய்க் கூடையோடு ரயிலில் திரும்புவாள். "உன்கிட்ட இன்னாடி சென்ட்டு வாசன அடிக்குது, ஆபீசரா ஆயிட்டியா?" என்றாள். சிரித்து வைத்தேன்.

டேப்லெட்டில் ஒரு விஷயம் இன்று கவனித்தேன். முதல் கேள்வியில் கார், பைக், ஸ்கூட்டர், சைக்கிள், 'வாகனம் இல்லை' என்று இருக்கிறது. 'வாகனம் இல்லை' என்பதைத் தொட்டால் அடுத்த கேள்வி வராது. 'நன்றி. கணக்கெடுப்பு முடிந்தது' என்று திரையில் ஒரு கும்பிடு வரும். நடந்து வருகிறவர்களுக்குக் கும்பிடு.

ஜூன் 14, சனி

ஆபீஸில் எல்லாரையும் உட்காரவைத்து ரகுநந்தன் சார் திட்டத்தை விளக்கினார். நான் புரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

புறநகர் ஸ்டேஷன்களை மேம்படுத்த ஒரு நிதி இருக்கிறது. ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு வேலைக்குத்தான் பணம். எங்கள் ஸ்டேஷனுக்கு இரண்டு வேலைகள் வரிசையில் நிற்கின்றன. ஒன்று, நடைமேம்பாலத்தை மேற்கே நீட்டி எங்கள் பக்கம் படி இறக்குவது. அதற்குத் தூண் போடத் தோண்டிய குழி நான் பள்ளிக்கூடம் போகும்போதே இருந்தது. இப்போது அதில் தவளைகள் இருக்கின்றன. இன்னொன்று, இந்த ஆறு மாடி.

பாலத்தில் ஏறி இறங்கினால் யாரும் காசு தர மாட்டார்கள். வாகன நிறுத்தத்தில் தருவார்கள். அதனால் நிதி பாதி கொடுத்தால், மீதிக்குக் கடன் கிடைக்கும். கட்டணத்திலிருந்து கடன் அடையும். மக்கள் கட்டணம் தரத் தயார் என்று நாங்கள் நிரூபித்தால் போதும். நாங்கள் என்றால் நான். நான் என்றால் 'ஆமா ஆமா'.

"இப்போ வரைக்கும் எண்பத்தாறு சதவீதம் சம்மதம்" என்று இர்ஃபான் திரையில் காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்ததும் ரகுநந்தன் சார் தனியாகக் கூப்பிட்டார். "நல்லா பண்றம்மா. இந்த ரிப்போர்ட் போகட்டும், உன்ன பெர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதறேன்." நல்ல மனிதர்தான். யாரையும் அதட்டிப் பேச மாட்டார். காரில் ஒரே ஆளாகத்தான் ஆபீஸ் வருவார்.

அறிக்கையின் பாதுகாப்புப் பகுதியை இன்று தட்டச்சு செய்தேன். அதில் ஒரு வரி: 'மேற்குச் சுவரில் உள்ள சட்டவிரோதத் திறப்பு நிரந்தரமாக அடைக்கப்படும்.' இரண்டு தடவை எழுத்துப்பிழை வந்தது. திருத்திவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

அம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கிறது. சரிவில் ஏறும்போது யாராவது கை கொடுத்து இழுக்கிறார்களாம். ஆஸ்பத்திரியில்தான் வேலை, பெருக்கித் துடைக்கிற வேலை. அங்கேயே காட்டலாமே என்றால், "டூட்டி நேரத்துல வரிசையில நின்னா மேஸ்திரி ஆப்சென்ட் போட்டுருவான்" என்கிறாள். அரை மணி தாமதமானாலே அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். அதனால் அந்த பாஸ்ட் வண்டியை அவள் விட்டதே இல்லை. எனக்கு மஞ்சள்காமாலை வந்தபோதுகூட, லில்லி அக்காவிடம் என்னை விட்டுவிட்டு அதில்தான் போனாள்.

சாப்பிடும்போது சொன்னாள்: "சீசன் டிக்கெட் முடிஞ்சிருந்துச்சு. காலையிலயே போயி எடுத்துட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, சம்பந்தமே இல்லாமல், "உனக்கு மஞ்சக் கலரு நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. என்னிடம் மஞ்சளில் ஒரு துணிகூடக் கிடையாது. கோட்டை ஸ்டாண்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று யாரும் சொல்லாத ஒரு வேலை செய்தேன். ஆபீஸிலிருந்து திரும்பி இறங்கியதும் கோட்டை மாட்டிக்கொண்டு அதே கேள்வியைச் சாயங்காலம் கேட்டேன்.

சாயங்காலம் யாரும் ஓடுவதில்லை. பஜ்ஜிக் கடையில் நிற்கிறார்கள், சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு. கேட்டால் திருப்பிக் கேட்கிறார்கள்.

"முப்பதா? மாசத்துக்கா, ஒரு நாளைக்கா?"

"ஒரு நாளைக்குத்தான் சார்."

"அந்தக் காசுல நானே ஒரு மாடி கட்டிப்பேன், போம்மா."

"ஆறாவது மாடியில வண்டிய விட்டுட்டு, ரயிலப் பிடிக்க அங்கிருந்தே குதிக்கறதா?" என்றார் ஒருவர். கூட இருந்தவர்கள் பஜ்ஜியோடு சிரித்தார்கள்.

அவரிடம், "சார், போன வாரம் காலையில எதையோ போட்டுக்கச் சொன்னீங்களே" என்றேன். குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். அந்த ஹெல்மெட்காரர்.

"நானா? உன்ன இப்பதான் பாக்கறேன்."

காலையில் ஆமா சொன்ன முகங்கள் பலவும் சாயங்காலம் இல்லை என்றன. கார்க்காரர்கள் மட்டும் சிலர் வேண்டும் என்றார்கள். வெயிலில் கார் காய்கிறதாம். பகல் முழுக்கச் சும்மா நிற்கிற காருக்கு நிழல் வேண்டும். சரிதான். எங்கள் தெரு கோமளா அக்கா போன ஆடியில் தண்டவாள வளைவில் ரயில் வருவதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள். மருமகளின் வளைகாப்புக்கு வளையல் வாங்கி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எந்த அறிக்கையிலும் பாதுகாப்புப் பகுதி இல்லை.

ஜூன் 18, புதன்

சாயங்காலக் கணக்கை ரகுநந்தன் சாரிடம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"எதுக்கும்மா சிரமப்பட்ட?"

"சார், காலையில அவங்க கேள்விய கேக்கறதே இல்ல. ஓடறாங்க."

"காலை நெரிசல் நேரத்துல எடுக்கணும்ங்கறது விதிமுறை. எல்லா ஸ்டேஷன்லயும் அப்படித்தான் எடுக்கறோம். சாயங்காலம் சொல்றது கருத்து இல்லம்மா, அரட்டை."

இர்ஃபான் வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தான். "உன் சாயங்காலத்த நான் கணக்குல போட்டா கடன் நாப்பது வருஷம் ஆனாலும் அடையாது. அப்ப வங்கி கிட்டவே வராது. ரிப்போர்ட் செத்துரும். ரிப்போர்ட் செத்தா நீயும் நானும்?"

"நீ பெர்மனென்ட்."

"அதனாலதான் வாய மூடிட்டு இருக்கேன்."

ஜூன் 20, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். கிழக்கே கல்யாண மண்டபத்தில். நோட்டீஸை டூவீலர் ஸ்டாண்டிலும் டிக்கெட் கவுண்டரிலும் மட்டும் ஒட்டினார்கள். மிச்சம் ஒரு கட்டு இருந்தது.

லில்லி அக்கா வீட்டு மீட்டர் பெட்டியில் ஒன்று ஒட்டியிருக்கிறது. யார் ஒட்டினார்கள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டும். முடியவில்லை. எழுதுகிறேன்.

மண்டபத்தில் முன்வரிசை முழுக்கக் கிழக்குப் பக்கத்து நலச் சங்கத்து ஆட்கள். வெளியே அவர்கள் கார்கள். மேற்கிலிருந்து லில்லி அக்கா தலைமையில் ஒரு கும்பல் பின்னால் வந்து நின்றது. அம்மாவும் இருந்தாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிறு அவளுக்குத் துணி துவைக்கிற நாள்.

எனக்குக் கொடுத்த வேலை, மைக்கைத் தூக்கிக்கொண்டு பேசுகிறவர்களிடம் ஓடுவது. மஞ்சள் கோட்டோடு. அம்மா என்னைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

சங்கத் தலைவர் பத்மநாபன் நீளமாகப் பேசினார். நகரம் வளர வேண்டும் என்றார். ரகுநந்தன் சார் எண்பத்தாறு சதவீதத்தையும், மேற்குச் சுவரை அடைக்கும் படத்தையும் திரையில் காட்டினார். அப்புறம் லில்லி அக்கா கை தூக்காமலே கத்த ஆரம்பித்தாள். மைக்கைக் கொண்டு ஓடினேன்.

"காருக்கு ஆறு மாடி கட்றியே, எங்களுக்கு ஆறு படி கட்னியா நீ? கோமளா செத்தப்ப எவனாச்சும் கூட்டம் போட்டியா? கேட்ட மூடுவியாமே, மூடிட்டு நாங்க இன்னா பறந்து போறதா?"

"அம்மா, ஒருத்தருக்கு ஒரு நிமிஷம்" என்றார் சார்.

"என் புருஷனே எனக்கு டைம் வெச்சதில்ல, நீ யாருயா?"

பின்னால் விசில். முன்னால் முணுமுணுப்பு. சார் என்னைப் பார்த்து மைக்கை வாங்கு என்று கை காட்டினார். வாங்கினேன். லில்லி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்து செய்ததை நானாகத்தான் செய்தேன், யாரும் சொல்லவில்லை. மைக்கை நேராக அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அம்மா பேசுவாள் என்று நினைத்தேன். முட்டியைப் பற்றி, சரிவைப் பற்றி, மழைக்காலத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லின் மேல் நடப்பதைப் பற்றி. வீட்டில் தினமும் சொல்வதைத்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல முடியாததை அவள் சொல்லட்டும்.

மேடையிலிருந்து சார், "யாரும்மா அவங்க? உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

மைக் என் கையில்தான் இருந்தது. ஆனால் மண்டபத்தில் சத்தம் அதிகம். அம்மாவுக்குக் கேட்டிருக்காது.

அம்மா மைக்கைப் பிடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மைக்கில் பேசினாள்.

"என் பேரு கஸ்தூரி. மேற்கு. கட்டுங்க சார். நல்லதுதான். நம்ம புள்ளைங்களுக்கு வேலை கெடைக்கும்."

அவ்வளவுதான். கையை விட்டுவிட்டாள்.

"பாருங்க! மேற்குப் பக்கத்து அம்மாவே சொல்றாங்க!" என்று சார் எழுந்து நின்று கை தட்டினார். முன்வரிசை முழுக்கக் கை தட்டியது. பத்மநாபன் திரும்பி அம்மாவைக் கும்பிட்டார்.

வரும்போது அம்மாவும் நானும் கேட் வழியாகத்தான் வந்தோம். "தொவரம்பருப்பு வாங்கணும்" என்றாள்.

ஜூன் 23, திங்கள்

கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்தேன். 'மேற்குப் பகுதியைச் சேர்ந்த திருமதி கஸ்தூரி திட்டத்துக்கு முழு ஆதரவு தெரிவித்தார்.'

ஜூன் 25, புதன்

குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்கள். லில்லி அக்கா எங்கள் வாசலைத் தாண்டும்போது மீன் கூடைத் தண்ணீரைச் சரியாக அங்கேதான் கொட்டுகிறாள்.

"ஆதரவு கஸ்தூரி போறா பாரு" என்று யாரோ சொன்னார்கள். அம்மா அதைக் காதில் வாங்காத மாதிரி குடத்தைத் தூக்கினாள். முட்டி மடங்கியது. யாரும் பிடிக்கவில்லை.

நான் கத்தினேன். தெருவில் இல்லை, வீட்டுக்குள் வந்து. "உன்ன யாரு அப்படிச் சொல்லச் சொன்னா? உனக்கு மூளை இருக்கா?"

அம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "நீ வந்து மைக்க நீட்டுற. ஸ்டேஷன்ல அன்னைக்குப் பாத்தேன், அந்தக் கோட்ட மாட்டிக்கிட்டு எல்லார் பின்னாலயும் ஓடிக்கிட்டு இருந்த. அந்த சாரு உன்னயே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நான் வேற என்னத்தடி சொல்றது?"

"அன்னைக்குன்னா? என்னைக்கு?"

"சீசன் எடுக்கப் போனப்ப."

கிழக்குக் கவுண்டரில்தான் சீசன் எடுக்க முடியும். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

ஜூன் 28, சனி

பெர்மனென்ட் ஆர்டர் வந்துவிட்டது. இர்ஃபான் லட்டு வாங்கி வந்தான். ரகுநந்தன் சார் கை குலுக்கினார். "அந்த மேற்குப் பக்கத்து அம்மா இல்லன்னா இவ்வளவு சுலபமா முடிஞ்சிருக்காது. அந்த இடத்துல மைக்க கொண்டுபோனது உன் சாமர்த்தியம்" என்றார்.

லட்டை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ரயிலில் பக்கத்து சீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தேன்.

ஜூலை 2, புதன்

கேட்டை அடைத்துவிட்டார்கள். நிதி வருவதற்கு முன்பே 'பாதுகாப்பு வேலை' தொடங்கிவிட்டது. இந்தமுறை செங்கல் இல்லை. கிரேனில் இறக்கிய கான்கிரீட் பலகைகள், மேலே முள்கம்பி. தெரு ஆட்கள் கடப்பாரையோடு போய், பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

இனி தெற்கே ரயில்வே கேட் வரை, நிஜமான கேட் வரை, நடந்து போய்ச் சுற்றி வர வேண்டும். ஷேர் ஆட்டோ எங்கள் பக்கம் வராது. அம்மா விடியும்போதே கிளம்பினாள். நொண்டிக்கொண்டே போனது சந்து திரும்பும்வரை தெரிந்தது.

ஜூலை 3, வியாழன்

ஒரு விதிமுறை நான்தான் தட்டச்சு செய்தேன், மறந்துவிட்டேன்: கூட்டம் முடிந்தபின் எழுத்துமூலமான ஆட்சேபங்கள் ஜூலை 7 வரை பெறப்படும். சொந்தக் கையெழுத்து, முகவரி வேண்டும். வந்தவற்றை நிதிக்குழு கட்டாயம் படிக்க வேண்டும். இதுவரை ஒன்றும் வரவில்லை. மேற்கில் யாருக்கும் இது தெரியாது. நோட்டீஸில் கீழே பொடி எழுத்தில் இருந்தது.

இர்ஃபானிடம் கேட்டேன், ஆபீஸ் ஆளே ஆட்சேபம் சேகரித்தால் என்ன ஆகும் என்று.

"ஏன், லட்டு பிடிக்கலையா?" என்றான். சிரிக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

சாயங்காலம் பிளாட்பாரத்தின் தெற்குக் கோடியில் நின்றேன். சுற்றிப் போகிறவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். கோட்டு இல்லை. டேப்லெட் இல்லை; இருந்தாலும் அது கும்பிடு போட்டு அனுப்பிவிடும். வெள்ளைத்தாளும் பேனாவும்.

முதலில் யாரும் நிற்கவில்லை. "ஆதரவு கஸ்தூரி பொண்ணு" என்று போனார்கள். அப்புறம் ஒரு வாட்ச்மேன் தாத்தா நின்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவருக்குப் பின்னால் இருவர் நின்றார்கள், என்ன எழுதுகிறேன் என்று பார்க்க. நின்றவர்கள் பேசினார்கள். பேசியவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள், கோமளா அக்காவின் மருமகள். வளையல் அணிந்திருந்தாள்.

லில்லி அக்கா கூடையோடு வந்தாள். "இன்னாடி, மறுபடி சர்வேயா? ஆமா போட்டுக்கோ."

"இல்லக்கா. நீ சொல்றத அப்படியே எழுதறேன்."

"அப்படியே எழுதுவியா? கெட்ட வார்த்த வரும்."

"எழுதறேன்."

கூடையை இறக்கி வைத்துக்கொண்டு பேசினாள். கெட்ட வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டேன். படித்துக் காட்டியபோது, "என் பேச்சு மாதிரியே இல்ல, ஆனா சரியாத்தான் கீது" என்று கையெழுத்துப் போட்டாள். பிறகு கேட்டாள்: "உங்கம்மா போட்டாளா?"

ஜூலை 5, சனி

அம்மா போட மாட்டேன் என்கிறாள்.

"அத்தன பேர் முன்னால சொல்லிட்டேன். இன்னைக்கு மாத்திச் சொன்னா என் மூஞ்ச எங்க வெச்சுக்குறது?"

அது காரணம் இல்லை. எனக்கு வேலை போய்விடும் என்று பயப்படுகிறாள். நான் வற்புறுத்தவில்லை. எண்ணெய் சூடு பண்ணி முட்டியில் தேய்த்துவிட்டேன். "வலிக்குதா?" என்றேன். "ம்" என்றாள். வேறு நாளாக இருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஜூலை 7, திங்கள்

இன்று கடைசி நாள். தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு அம்மாவோடு சேர்ந்தே கிளம்பினேன். ரயில்வே கேட் வழியாகச் சுற்றி நடந்தோம். நான் பையைத் தூக்கிக்கொண்டு அவள் வேகத்துக்கு நடந்தேன். அடைத்த சுவரின் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேற்குத் தூணுக்குத் தோண்டிய குழியில் தண்ணீர் நின்றது.

பிளாட்பாரத்துக்கு வரும்போது சிக்னல் விழுந்துவிட்டது. பாஸ்ட் வண்டி வளைவில் தெரிந்தது. பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு அம்மா எப்போதும் போல நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன். வண்டி நின்றது. எல்லாரும் முண்டியடித்து ஏறினார்கள். உள்ளே இருந்து ஆஸ்பத்திரி வேலைக்காரி ஒருத்தி, "கஸ்தூரிக்கா, ஏறு ஏறு!" என்று கை நீட்டினாள்.

அம்மா ஏறவில்லை. பின்னால் வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அம்மா, வண்டி!"

"போவட்டும்."

"அரை நாள் போயிரும்."

"தெரியும்டி. நீ உக்காரு."

வண்டி கிளம்பிப் போனது. பிளாட்பாரம் காலியானது. அவ்வளவு காலியாக அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. எதிரே சுவரில் புதுக் கான்கிரீட் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஊர்ல எல்லார்ட்டயும் கேட்ட. எங்கிட்ட நீ கேக்கவே இல்லையே" என்றாள் அம்மா. "இப்ப கேளு. எனக்கு அவசரம் இல்ல."

தாளை எடுத்து மடியில் வைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "எதுல வந்தீங்க?" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"நடந்து வந்தேன்" என்றாள். "இருவத்தி ரெண்டு வருஷமா நடந்துதான் வர்றேன். எழுது."

எழுதினேன். வீட்டில் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். என்னைச் சுமந்துகொண்டு ஏழாவது மாதத்தில் அந்தச் சரிவில் வழுக்கி விழுந்தது. கோமளா அக்காவின் செருப்பை அம்மாதான் கல்லுக்கு நடுவிலிருந்து எடுத்துவந்து கொடுத்தது. வண்டி வருகிறதா என்று பார்க்கப் பயந்து, கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய நாட்கள். இடையில் ஒரு லோக்கல் வந்து போனது. அதையும் அவள் பார்க்கவில்லை. இரண்டு பக்கம் நிரம்பி மூன்றாவது தாள் எடுத்தேன்.

கடைசியில், "அன்னைக்கு நான் சொன்னது பயத்துல சொன்னது. அதையும் எழுதிக்க" என்றாள். கையெழுத்தை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"இத எழுதிக் குடுத்தது யாருன்னு அந்த சாரு கேப்பாரா?"

"கேப்பாரு."

"தெரிஞ்சவங்களான்னு கேட்டா?"

அன்று மண்டபத்தில் சத்தம் ஒன்றும் அவ்வளவு இருக்கவில்லை.

பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினேன். தாளின் அடியில் எழுதினேன்: 'சொல்லக் கேட்டு எழுதியவர்: மகள் அபிராமி. 14, ரயில் சுவர் சந்து, மேற்கு செங்கரைப்பாக்கம்.' அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தாளை அவள் பக்கம் திருப்பினேன். விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். 'மகள்' என்ற இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

அடுத்த வண்டியில் இருவரும் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது.

ஜூலை 8, செவ்வாய்

ஆட்சேபங்களை நேற்றே நிதி அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். ரகுநந்தன் சார் காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார். நாளை பத்து மணிக்கு அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் நான் எடுத்த கணக்கு இன்னும் தன்னிடம் இருப்பதாக இர்ஃபான் செய்தி அனுப்பினான்.

அம்மாவுக்கு அரை நாள் பிடித்தார்கள். காலையில் லில்லி அக்கா எங்கள் வாசலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போனாள். மீன் வாடை இன்னும் போகவில்லை.